மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கு

தங்கச்சி வீட்டுக்காரரிடமிருந்து அந்த வாட்ஸ்அப் வந்தபோது காலை பத்தரை. ஷட்டரை ஏற்றிவிட்டு, முன்வரிசை டார்ச் லைட்டுகளின் மேல் படிந்திருந்த கோலாலம்பூர் புடு வட்டாரத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஹூஸ்டனில் அப்போது முந்தின நாள் இரவு ஒன்பதரை. "மச்சான், நீங்க லைட்டு விக்கிறவரு. ஒரு நல்ல லைட்டு சொல்லுங்க" என்று ஆரம்பித்து, கீழே ஒரு படம். தங்கச்சி கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக்கொடுத்த பூப்போட்ட மேசைவிரிப்பு. அதன் மேல் கறுப்பாக ஒரு கைத்துப்பாக்கி. குளோக் 19. குழலுக்குக் கீழே இருந்த பள்ளத்தைச் சிவப்பில் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். "இங்க மாட்டணும்."

துணியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் அந்தப் படத்தைப் பார்த்தேன். துப்பாக்கியைவிட அந்த மேசைவிரிப்புதான் கண்ணை உறுத்தியது.

ஜாலான் பாசார் தெருவில் கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மீன் பிடிக்கப் போகிறவர், மலை ஏறுகிறவர், ஜாகா என்கிற காவல் வேலை பார்க்கும் நேப்பாளி, ஒர்க்ஷாப் பையன் என்று யார் வந்தாலும், எந்த டார்ச்சை எடுப்பார் என்று வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுவேன். ஆனால் துப்பாக்கியைத் தொட்டவன் இல்லை. நம் மலேசியாவில் எத்தனை பேர் தொட்டிருப்பார்கள்? பேங்க் வாசலில் நிற்கும் காவலாளியின் பம்ப் கன்னைத் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. உரிமம் இல்லாமல் ஒன்றை வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 வருடம் வரை சிறை, கூடவே ஆறுக்குக் குறையாத ரோத்தான் பிரம்படி. ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கிகூட இங்கே கூடாது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, கிள்ளானில் வளர்ந்து, எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு அமெரிக்கா போய், கிரீன் கார்டும் வாங்கிய மனிதர் எங்கள் மாப்பிள்ளை. நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் ராத்திரி ஆள் புகுந்திருக்கிறான். அடுத்த வாரமே கடைக்குப் போய் வாங்கிவிட்டார். அங்கே அது அவ்வளவு சுலபம். இங்கே நாம் இரும்புக் கேட்டுக்கு இரண்டாவது பூட்டு வாங்குவோம், அங்கே அதை வாங்குகிறார்கள்.

எனக்கு அது சரி என்றும் படவில்லை, தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. கேட்டது விளக்கைப் பற்றி. அதை மட்டும் சொல்வோம் என்று உட்கார்ந்தேன்.

லூமன் மயக்கம்

ஒரு வாரம், ராத்திரி சாப்பிட்டுவிட்டு இதே வேலை. "இந்த வயசுல துப்பாக்கி பாக்குறீங்க, போலீஸ் வந்தா நான் என்ன சொல்ல?" என்று மனைவி கேட்டாள். துப்பாக்கியைப் பார்க்கவில்லை, அதன் கீழே தொங்குவதைத்தான் பார்க்கிறேன் என்று சொன்னதை அவள் நம்பவில்லை.

எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு முதலில் எரிச்சல் வருவது லூமன் எண்ணில். பேர் தெரியாத டார்ச்சின் பெட்டியில் "100000 லூமன்" என்று அச்சடித்து அனுப்புகிறார்கள். வாங்குகிறவரும் எண்ணைத்தான் பார்க்கிறார். லூமன் என்பது விளக்கிலிருந்து மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் வெளியே வருகிறது என்ற கணக்கு. அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதற்குக் கேண்டெலா என்று வேறொரு கணக்கு இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு எத்தனை வாளி நிறைகிறது என்பது லூமன். குழாய் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் அதே தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவர் வரை பாய்கிறதே, அது கேண்டெலா. ஓர் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்றைக் கடையில் வைத்திருக்கிறேன். ஒரு மீட்டர் தள்ளி நின்று நடுப்புள்ளியில் எத்தனை லக்ஸ் காட்டுகிறதோ, கேண்டெலாவும் அத்தனைதான். அந்த எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால், பெட்டியில் போடுகிற "இத்தனை மீட்டர் தூரம்" கிடைத்துவிடும். அந்தத் தூரத்தில் விழுவது முழுநிலா வெளிச்சத்தின் அளவுதான் என்பதைப் பெட்டியில் போட மாட்டார்கள்.

துப்பாக்கி விளக்குகளை இந்தக் கண்ணால் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-1 எச்எல் 1000 லூமன், 20,000 கேண்டெலா. ஷ்யூர்ஃபயர் எக்ஸ்300 டர்போ 650 லூமன்தான், ஆனால் 66,000 கேண்டெலா. லூமன் குறைவு, கேண்டெலா மூன்று மடங்கு. குட்டியாக, குளோக் 19இன் மூக்கோடு ஒட்டி நிற்கும் டிஎல்ஆர்-7ஏ 500 லூமன், 5,000 கேண்டெலா. மாப்பிள்ளைக்கு டர்போ மேல்தான் கண். எண் பெரிதாக இருக்கிறதே.

"உங்க வீட்டுல படுக்கை அறையிலேருந்து மாடிப்படி வரைக்கும் எத்தனை அடி மாப்பிள்ளை?"

"பதினஞ்சு இருக்கும் மச்சான்."

பதினைந்து அடி என்றால் நாலரை மீட்டர். வெள்ளைச் சுவர். 66,000 கேண்டெலாவை அங்கே அடித்தால் சுவரில் மூவாயிரம் லக்ஸுக்கு மேல் விழும். நல்ல வெளிச்சமான ஆபீஸ் மேசையிலேயே ஐந்நூறுதான் இருக்கும். தூக்கத்திலிருந்து எழுந்த கண்ணில் அது பட்டுத் திரும்பினால், எதிரே நிற்கிறவனோடு சேர்ந்து இவருக்கும் கண் கூசிவிடும். இருட்டுக்குப் பழகிய பார்வை முழுதாகத் திரும்ப அரைமணி நேரம்கூட ஆகலாம். வெளியே பெரிய நிலம், கொட்டகை, தூரத்துத் தெருவிளக்கின் கூச்சத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டிய இடம் என்றால் டர்போ சரி. வீட்டுக்குள் நடுப்புள்ளி கொஞ்சம் மெத்தென்று, பக்கங்களுக்கும் வெளிச்சம் பரவ வேண்டும். ஒருவன் முகம் மட்டும் தெரிந்தால் போதாது, கை தெரிய வேண்டும். அதனால் டிஎல்ஆர்-1 எச்எல் மாதிரி ஒன்று போதும் என்றேன். இடுப்பில் சொருகிக்கொண்டு போகப்போவதில்லை, அதனால் அளவு பெரிதானாலும் பரவாயில்லை.

அப்புறம் சில்லறை விஷயங்கள். உண்மையில் பணம் போவது இந்தச் சில்லறையில்தான். துப்பாக்கியின் கீழே இருக்கும் அந்தப் பள்ளம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்காது. பிக்காட்டினி என்று 1995இல் அமெரிக்க ராணுவம் ஓர் அளவை நிர்ணயித்தது. குளோக் தன் பாட்டுக்கு ஒரே ஒரு பள்ளத்தோடு வேறொன்றைச் செய்துகொண்டது. அதனால் விளக்கோடு நாலைந்து குட்டிப் பிளாஸ்டிக் கட்டைகள் வரும், தன் துப்பாக்கிக்கு உரியதை மாட்டிக்கொள்ள வேண்டும். உறையையும் விளக்கின் அளவுக்குத்தான் வார்க்கிறார்கள். நாளைக்கு விளக்கை மாற்றினால் உறையும் தண்டம். பேட்டரி சிஆர்123ஏ. பத்து வருடம் பெட்டியில் கிடந்தாலும் எரியும். ஆனால் அதே அளவில் இருக்கிறதே என்று சார்ஜ் போடுகிற 16340 இரண்டைத் திணித்தால் 6 வோல்ட்டுக்குப் பதில் 8.4 வோல்ட் ஏறும். கடைக்குத் திரும்பி வரும் கருகிய டார்ச்சுகளில் பாதி இந்தக் கதைதான். ஒவ்வொரு குண்டுக்கும் பேட்டரி முன்னும் பின்னும் குதிக்கும் என்பதால் மலிவு விளக்கில் ஸ்பிரிங் தளர்ந்து வெளிச்சம் சிமிட்டும். விளக்கை மாட்டினதும் சில துப்பாக்கிகளில் குண்டு சரியாக ஏறாமல் சிக்குமாம், அதனால் மாட்டிவிட்டு இரண்டு மூன்று பெட்டி சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாதாம். இது நான் படித்தது. மாட்டும்போது துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை எழுதினேன்.

எல்லாவற்றையும் தட்டி அனுப்பிவிட்டு, ஒரு நிபுணர் மாதிரி தே தாரே குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் காலை இன்னொரு படம் வந்தது.

பிடியை இறுக்கினால் எரியும்

விளக்கிலிருந்து ஒரு பட்டை இறங்கி, பிடியின் முன்பக்கம், சுடும் விசையைச் சுற்றியிருக்கும் கூண்டுக்குச் சற்றுக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டையின் முனையில் அழுத்தும் சுவிட்ச். நடுவிரல் படும் இடம். "பிடியை இறுக்கினாலே லைட்டு எரியும் மச்சான். சுவிட்ச தேட வேணாம். எப்படி?"

"நல்ல வசதிதான்" என்று தட்டினேன். அனுப்பவில்லை. எதிர் அலமாரியில் டிரில் மெஷின்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

இரண்டு வருடத்துக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை. செந்தூல் வீட்டில் மேல்மாடி விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. சீலிங் பலகையைத் தள்ளிவிட்டு, ஏணியில் ஏறி, தோள் வரை உள்ளே நுழைந்திருந்தேன். டார்ச் விற்கிறவன் வீட்டில் அவசரத்துக்கு ஒரு டார்ச் அகப்படாது. கையில் டிரில் இருந்தது. பேட்டரி டிரில்லில் சின்னதாக ஒரு எல்ஈடி இருக்குமே, சுவிட்சைக் கொஞ்சம் தொட்டாலே எரியும். வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அதை டார்ச்சாகப் பயன்படுத்தியிருப்பார்கள். கால்வாசி அழுத்தினால் வெளிச்சம், சுற்றாது. அந்தக் கால்வாசி என் விரலுக்கு நன்றாகத் தெரியும். இருபது வருடப் பழக்கம். முனையில் 6 மில்லி பிட் மாட்டியபடி, எலிப்புழுக்கைக்கும் பழைய ஒயருக்கும் நடுவில் அந்த நீல வெளிச்சத்தைச் செலுத்தித் தேடிக்கொண்டிருந்தேன்.

மகனுக்கு அப்போது பதினொரு வயது. பக்கத்து ஸ்டூலில் அவனும் ஏறியிருக்கிறான், எனக்குத் தெரியாது. "அப்பா, அங்க பாருங்க" என்று காதுக்குப் பக்கத்தில் குரல். திரும்பினேன். திரும்பியது முகம் மட்டும் இல்லை, கையும்தான். இருட்டில் எதைப் பார்க்க வேண்டுமானாலும் வெளிச்சத்தையும் கூடவே கொண்டுபோக வேண்டுமே. அதே நேரம் பல்லி ஒன்று என் மணிக்கட்டில் விழுந்தது. உடம்பு தூக்கிப்போட்டது, கை இறுகியது. டிரில் முழு வேகத்தில் சுற்றி, அவன் சட்டைக் கையைப் பிடித்து, ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு என்று துணியைச் சுருட்டிக்கொண்டு தோளுக்கு ஏறி, இனி சுற்றத் துணி இல்லாமல் நின்றது. பேட்டரியைக் கழற்றி, பிட்டைப் பின்னால் சுற்றி எடுத்தோம். தோளில் சிவப்பாக ஒரு கோடு. அவ்வளவுதான். அவன் சிரித்தான். நான் ஏணியிலிருந்து இறங்கி, படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவன் அம்மாவிடம் சட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்தது என்று சொன்னோம். இதைப் படித்துத்தான் அவளுக்கு உண்மை தெரியப்போகிறது.

பல்லியின் மேல் பழி போட்டு அப்போது மறந்துவிட்டேன். மாப்பிள்ளை அனுப்பிய படத்தைப் பார்த்தபோதுதான் அந்த ஒரு நொடியைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது. வெளிச்சத்துக்காக விரல் ஏற்கெனவே சுவிட்சில் இருந்தது. பார்ப்பதற்காகக் கருவி மகன் பக்கம் திரும்பியிருந்தது. பல்லி விழுந்தது கடைசியில்தான். அது விழாமல் இருந்திருந்தாலும் பிட்டின் முனை அவன் தோளைப் பார்த்துத்தான் நின்றிருக்கும்.

அன்று மத்தியானம் கடையில் உட்கார்ந்து தேடியபோது, மாப்பிள்ளை இருக்கும் அதே டெக்சஸில், பிளேனோ என்ற ஊரில் 2010இல் நடந்தது கண்ணில் பட்டது. போதைப்பொருள் நடவடிக்கை ஒன்றில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கி விளக்கை எரியவைக்கப் போய் விசையை இழுத்துவிட்டார். எதிரே இருந்தவர் இறந்துபோனார். அதிலும் பிடியில் ஒட்டிய இதே மாதிரிச் சுவிட்ச்தான். பயிற்சி பெற்றவர் அவர். என் விரலுக்குக் கால்வாசி தெரியும் என்று நான் நம்பியதுபோல அவரும் நம்பியிருப்பார்.

"அந்தப் பட்டை வேணாம் மாப்பிள்ளை. பின்னால இருக்குற சுவிட்ச இடது கை கட்டைவிரலால அமுக்குற மாதிரி இருக்கட்டும். வலது கைக்கு லைட்டு சம்பந்தமே இருக்கக் கூடாது" என்று எழுதினேன். "சரி மச்சான்" என்று உடனே ஒத்துக்கொண்டார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

அப்பாவின் நெற்றி

முடியவில்லை. அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. கட்டைவிரலால் எரியவைத்தாலும் வெளிச்சம் துப்பாக்கியின் மூக்கில்தானே இருக்கிறது?

கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் அப்பா பால்மரம் சீவினார். விடியும் முன்பே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே வெளிச்சம் விழும். இரண்டு கையும் கத்திக்கும் மரத்துக்கும். எங்களைக் கூப்பிடும்போது அவர் முகம் திரும்பும், வெளிச்சம் கண்ணைக் குத்தும், "அப்பா, லைட்டு!" என்று கத்துவோம். கையால் விளக்கை மூடிக்கொள்வார். சீவுகிற கத்தி எப்போதும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கத்தியில் விளக்கைக் கட்டியிருந்தால் எங்களைக் கூப்பிடும்போது கத்தியும் எங்கள் பக்கம் திரும்பியிருக்கும். விளக்கை எங்கே கட்டுகிறோமோ அது கண்ணோடு சேர்ந்து திரும்பும். மாப்பிள்ளை வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குக் கீழே சத்தம் கேட்டால், யார் என்று பார்க்க ஒரே வழி அவர் கையில் இருப்பதை அந்தப் பக்கம் திருப்புவது. கல்லூரி விடுதியிலிருந்து சொல்லாமல் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கிற மகளாகவும் அது இருக்கலாம். துப்பாக்கிப் பயிற்சியில் ஜெஃப் கூப்பரின் நாலு விதிகள் அந்த நாட்டில் துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அழிக்க மனமில்லாத எதன் மேலும் துப்பாக்கி வாயைத் திருப்பாதே என்பது அதில் ஒன்று. அப்படியானால் யாரென்று தெரியாத ஒருவரைப் பார்க்க, அவர் மேலேயே துப்பாக்கியைத் திருப்ப வைக்கும் விளக்கு அந்த விதிக்கு எங்கே இடம் விடுகிறது?

இதற்கும் அவர்களிடம் பதில் இருக்கிறது. துப்பாக்கியைத் தரையைப் பார்த்துத் தாழ்த்திப் பிடித்து எரியவைத்தால், தரையிலும் சுவரிலும் பட்டுச் சிதறும் வெளிச்சத்திலேயே அறை முழுவதும் தெரியும். செந்தூல் வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, 1000 லூமன் டார்ச் ஒன்றைத் தரையைப் பார்த்துப் பிடித்துச் சோதித்தேன். உண்மைதான். படிக்கட்டின் உச்சியில் நின்ற மனைவியின் முகம், கையில் இருந்த துடைப்பம், முகத்தில் இருந்த கோபம் எல்லாம் தெரிந்தது. ஆனால் பயந்துபோன ஒருவர், பாதித் தூக்கத்தில், தரையைப் பார்த்தே பிடிப்பாரா? நான் டிரில்லைத் தரையைப் பார்த்தா பிடித்தேன்?

அதனால் மாப்பிள்ளைக்கு நான் கடைசியாகச் சொன்னது, முதலில் கையில் பிடிக்கிற டார்ச் ஒன்று வாங்குங்கள் என்பதுதான். வால் பக்கம் சுவிட்ச், அழுத்தினால் எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். ஐந்நூறு லூமன் போதும். தேடுவதும் பார்ப்பதும் யாரென்று கேட்பதும் அதில். துப்பாக்கியில் இருக்கிற விளக்கு, எதிரே இருப்பது யார், கையில் என்ன என்று தெரிந்த பிறகு, இரண்டு கையாலும் பிடித்தே ஆக வேண்டும் என்கிற அந்த ஒரு நேரத்துக்கு மட்டும்.

அவர் விடவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கத்துல எந்திரிச்சு, ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில துப்பாக்கி, ரெண்டையும் பிடிக்கச் சொல்றீங்களா? கதவ எந்தக் கையால தொறக்குறது? உங்க தங்கச்சிக்கு எந்தக் கையால போன் பண்றது?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்துப் புறங்கையோடு புறங்கை ஒட்டிப் பிடிக்கும் ஹேரிஸ் முறை இருக்கிறது, டார்ச்சை உடம்பிலிருந்து தள்ளித் தூக்கிப் பிடிக்கும் எஃப்பிஐ முறை இருக்கிறது. கடையில் ஒரு டார்ச்சும், இடுக்குக்குப் பசை அடைக்கும் சிலிக்கான் கன்னும் வைத்துச் செய்து பார்த்தேன். ஹேரிஸ் முறையில் இரண்டு நிமிடத்தில் தோள் நடுங்க ஆரம்பித்துவிட்டது. சிலிக்கான் கன்னோடு நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதைக் கண்ட வாடிக்கையாளர் ஒருவர், எதுவும் வாங்காமல் போய்விட்டார்.

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் டிஎல்ஆர்-1 எச்எல் வாங்கினார், பட்டை இல்லாமல். டார்ச் வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தங்கச்சி கூப்பிட்டாள். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து. "அண்ணா, நீ சொன்னியாமே, கையில பிடிக்கிற டார்ச்சு. எனக்கு ஒண்ணு அனுப்பு. அவர்கிட்ட சொல்லாத." நல்லதாக ஒன்று எடுத்து, நான் போன கொரியரில் லித்தியம் பேட்டரியை எடுக்க மாட்டார்கள் என்பதால் வெறும் உடம்பை மட்டும் அனுப்பினேன். பேட்டரியை அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவள் பக்கத்துக் கட்டில் மேசையில் வைத்திருக்கிறாளாம்.

போன வாரம் மாப்பிள்ளையிடமிருந்து செய்தி. துப்பாக்கி, விளக்கு மாட்டியபடியே பெட்டியில் பூட்டி இருக்கிறதாம், ஒரு தடவை சுடும் இடத்துக்குக் கொண்டுபோனதோடு சரி. செவ்வாய்க்கிழமை ராத்திரி குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போகிறபோது, பக்கத்து வீட்டு நாய் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்க்க, தங்கச்சியின் டார்ச்சைத்தான் எடுத்துக்கொண்டு போகிறாராம். "மச்சான், அதுல பேட்டரி முடிஞ்சிருச்சு. எந்த மாடலுன்னு சொல்லுங்க, அவளுக்குத் தெரியுறதுக்குள்ள வாங்கி வச்சிடுறேன்."